வெள்ளைப் புள்ளி டாக்டர்

ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் கந்தசாமி வந்து கதவோரம் நின்றார். "நர்ஸம்மா, பெரிய டாக்டர் போயிட்டாருங்க. நெஞ்சு வலியாமுங்க" என்றார். நான் கையில் இருந்த வேலையை நிறுத்தவில்லை. அன்று மாலையே, அவருடன் அதிகக் காலம் வேலை பார்த்தவள் என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்காரர்கள் நினைவு மலருக்கு நாலு வரி கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன். அச்சிடுவதோ கிழித்துப் போடுவதோ அவர்கள் பாடு.

டாக்டர் வைத்திலிங்கம் அவர்கள்தான் அஸ்தம்பட்டியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். மார்பில் வரும் புற்றுநோயைப் படம் பிடித்து, சீமைப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை கட்டுரையாக அனுப்பினார்கள். அச்சாகி வந்ததையெல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். சுவரில் இடம் போதவில்லை. அதன் கீழே நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு ஒரு கால் ஒடிந்திருந்தது. அதைக் கவனிக்க யாருக்கு நேரம்?

பெண்களைப் படம் எடுக்கும் அறைக்குள் டாக்டர் அவர்கள் வரவே மாட்டார்கள். "படம் போதும், ஆளை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்பார்கள். எடுப்பது நான். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் உயிரோடிருக்கத் தாலியைக் கழற்றுவார்களா? சரடை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு எடுப்பேன். கதிர் உடம்பைத் துளைத்துப் போய் முதுகில் இருப்பதையும் காட்டும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை, என் தப்புதான். சரடில் கோத்த பொன் குண்டுகள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்தன. மேதை அவர்கள் அதைப் புற்றுநோயின் புது அடையாளம் என்று எழுதினார்கள். அடுத்த கட்டுரை அதைவிட அழகு! விதவைகளுக்கும் கன்னிப் பெண்களுக்கும் இந்தப் புள்ளி வருவதில்லை, ஆகவே இது சுமங்கலிகளுக்கே உரிய தனி வகை நோயாம். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? சீமையிலும் ஒருத்தன் கேள்வி கேட்கவில்லை.

ஜேடர்பாளையத்திலிருந்து நல்லம்மாள் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. குடியானவப் பெண், கைக்குழந்தைக்காரி, இடது மார்பில் கட்டி. டாக்டர் பார்த்து அனுப்பிய படத்தில் ஒரு புள்ளி மட்டும் நசுங்கியிருந்தது. அவள் சரடிலும் ஒரு குண்டு அப்படியே நசுங்கியிருந்தது. "அதைக் கழட்டி வை சாமி, இன்னொரு படம் எடுக்கலாம்" என்றேன்.

"ஏனுங்கம்மா, நல்லாப் பேசறீங்க! அவரு குத்துக்கல்லாட்டம் வெளிய உக்காந்திருக்காருங்க."

"அப்போ பல்லுல கடிச்சுக்கோ."

கடித்துக்கொண்டாள். இரண்டாவது படத்தில் புள்ளி ஒன்றுகூட இல்லை. இரண்டையும் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்து, தாலிக் குண்டின் சங்கதியைச் சொன்னேன். பால் கட்டாக இருக்கலாம், பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

"யுத்த காலத்தில் பிலிமை வீணாக்கியிருக்கிறாய். முதல் படத்தைக் கட்டுரையில் சேர்த்தாயிற்று. கட்டுரை எழுதுவது நானா, நீயா?" என்றார்கள்.

கட்டுரையில் ஏறிவிட்டாள் அல்லவா, இனி அவளுக்கு நோய் இருந்தே தீர வேண்டும்.

நல்லம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அறுத்தாத்தான் பொழைப்பேங்கறாருங்க. புள்ளைக்கு ஆறு மாசங்கூட ஆவலீங்க. நீங்க சொல்லுங்கம்மா, அறுக்கட்டுங்களா?"

வேலை போய்விடும் என்று பயந்தேன். "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் சாமி" என்றேன்.

அறுத்ததைத் தட்டில் வாங்கியவள் நான். உள்ளே கெட்டிப்பட்ட பால்தான் இருந்தது. டாக்டர் அவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்கள். அடுத்த கட்டுரையில், பூரண குணம் அடைந்தவர்களில் அவளும் ஒருத்தி. இல்லாத நோய் குணமாவதற்கு என்ன தடை?

நேற்று டாக்டர் அவர்களின் சவத்தை எடுப்பதற்கு முன் பெரிய மனிதர்கள் நின்று கட்டுரைகளின் பெருமையைப் பேசினார்கள். நடுவில் நல்லம்மாள் ஒரு மாலையோடு வந்தாள். டாக்டரின் காலில் விழுந்து, வாய்விட்டு அழுதாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"இந்தச் சாமி இல்லீனா நான் அன்னிக்கே மண்ணுக்குள்ள போயிருப்பேன், இல்லீங்களா நர்ஸம்மா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இப்போது வேலை போகும் பயம்கூட இல்லை. இருந்தும், "ஆமாம் சாமி" என்றேன்.

போய்ச் சேருங்கள் டாக்டர். உங்கள் கடைசிக் கட்டுரையை நானே சொல்லி முடித்துவிட்டேன்.