அய்யாவுக்கு வாங்கிய எடை மெஷின்

அய்யாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று மதுரையில் டாக்டர் சொன்னபோது அண்ணனும் நானும் பக்கத்தில்தான் நின்றோம். உடம்பில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும் என்றார். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காப்பி குடிப்பதற்கு முன்பு தினமும் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் ரெண்டு கிலோ ஏறினால் உடனே கூப்பிட வேண்டும்.

அம்மா போன பிறகு அய்யா பரமக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் தனியாகத்தான் இருந்தார். இனி அது முடியாது. வெளியே வந்ததும் அண்ணன் சொன்னான்: "சென்னையில நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போயிருறோம். நீ கூட வெச்சுக்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அப்படித்தான் அய்யா உச்சிப்புளியில் என் வீட்டுக்கு வந்தார். மகள் வீட்டில் தங்குவது அவருக்குக் கூச்சம். என் கணவர் வீட்டுக்குள் நுழைந்தால் அய்யா நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். "உக்காருங்க மாமா" என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் ராமநாதபுரத்தில் ஒரு முள் வைத்த எடை மெஷின் வாங்கினேன். அய்யா முன்னால் சாய்ந்தால் ஒரு எடை, பின்னால் சாய்ந்தால் வேறு எடை. அண்ணனிடம் சொன்னேன். ஒரு வாரத்தில் கண்ணாடி போட்ட டிஜிட்டல் மெஷின் பார்சலில் வந்தது. வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டால் அய்யா ஏறி நின்றதுமே எடை அண்ணனுடைய கைப்பேசிக்குப் போய்விடும். எடை மட்டுமில்லை, கொழுப்பு எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்றுகூடச் சொல்லும். அண்ணனுக்கு ஏகப்பட்ட பெருமை. "இனிமே நான் இங்கருந்தே பாத்துக்கிருவேன்" என்றான்.

தினமும் ஐம்பத்தெட்டு புள்ளி நாலு காட்டியது. அண்ணனிடமிருந்து கட்டைவிரலைத் தூக்கிய படம் ஒன்று வரும்.

ஒரு நாள் அய்யாவின் செருப்பு காலுக்குள் போகவில்லை. கெண்டைக்காலுக்கு முன்னால் விரலால் அமுக்கினேன், குழி அப்படியே நின்றது. முந்தின ராத்திரிதான் படுக்க முடியவில்லை என்று தலைக்கு இன்னொரு தலையணை கேட்டிருந்தார். மெஷினில் ஏற்றினேன். அதே ஐம்பத்தெட்டு புள்ளி நாலு.

அண்ணனைக் கூப்பிட்டேன். "கால் வீங்கியிருக்குண்ணே."

"வெயிட் ஏறலையே. நான்தான் டெய்லி பாக்குறேனே. காலத் தொங்கப்போட்டு உக்காந்திருப்பாரு. நீ சும்மா பயப்படாத."

போனை வைத்த பிறகு எனக்கு அந்த எண்ணின் மேலேயே சந்தேகம் வந்தது. மனுஷ உடம்பு எப்படித் தினமும் ஒரு புள்ளிகூட மாறாமல் இருக்கும்? நானே ஏறி நின்றேன். அறுபத்தாறு. இறங்கி, ஃப்ரிஜ்ஜில் இருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். அறுபத்தாறு. இன்னொரு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். அப்போதும் அறுபத்தாறுதான். பிரிக்காத அரிசி மூட்டையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். மூட்டையில் போட்டிருந்த எடையைச் சரியாகக் காட்டியது. மூட்டையை இறக்கிவிட்டு இரண்டு பாட்டிலோடு மறுபடி ஏறினேன். இப்போது அறுபத்தெட்டு.

அந்த மெஷின் எடை பார்க்கவே இல்லை. முந்தைய எடைக்குக் கிட்டத்தில் இருந்தால் பழைய எண்ணையே திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது. நடுவில் வேறு எடை ஏறினால்தான் புதிதாகப் பார்த்தது. மறுபடியும் மூட்டையை வைத்து எடுத்துவிட்டு அய்யாவை ஏற்றினேன். அறுபது புள்ளி ஆறு.

ஆட்டோவில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அய்யா வாயைத் திறந்தே மூச்சு விட்டார். ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். மறுநாள் ரயிலில் அண்ணன் வந்தான். அய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். பிறகு வராந்தாவில் என்னிடம் சொன்னான்: "அவ்வளவு நல்ல மெஷினு. ஒனக்கு அத ஒழுங்கா யூஸ் பண்ணத் தெரியல."

பாட்டில் வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். அவன் முழுதாகக் கேட்கவில்லை. "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு?" என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சர்ஜிகல் கடை இருந்தது. பையில் இரண்டு தண்ணீர் பாட்டிலோடு போய், இருந்த மெஷின்களையெல்லாம் தரையில் வைக்கச் சொன்னேன். வெறும் உடம்போடு ஒரு தடவை, ஒரு பாட்டிலோடு ஒரு தடவை, இறங்கி மறுபடி ஒரு தடவை. கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யக்கா, மெஷினு வாங்க வந்தீகளா, தண்ணி விக்க வந்தீகளா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல பளபளப்பாக இருந்த இரண்டு மெஷின்கள் பழைய எடையையே ஒப்பித்தன. கடைசியில், போனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, தடித்த மெஷின் ஒன்று பாட்டிலுக்குத் தக்கபடி ஏறி, பாட்டிலுக்குத் தக்கபடி இறங்கியது. அதை வாங்கினேன். வீட்டில் டைல்ஸ் மேடு பள்ளமாக இருந்ததால் சமமான ஒரு கடப்பாக்கல்லின் மேல் வைத்தேன்.

அண்ணனுக்குக் கோபம். "இனி எனக்கு எப்புடித் தெரியும்?"

"போன் பண்ணிக் கேளுங்கண்ணே."

சில நாள் கேட்டான். அப்புறம் கேட்கவில்லை.

புது மெஷின் பொய் சொல்லவில்லை. இரண்டு முறை எடை ஏறியபோது டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் கூட்டினேன், ஆஸ்பத்திரிக்குப் போகாமலே நீர் இறங்கியது. ஆனால் அதற்குப் பிறகு எடை தானாகவே குறைய ஆரம்பித்தது. அய்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது போனது தண்ணீர் இல்லை, சதை. எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் அந்த வித்தியாசம் அதற்குத் தெரியாது. அண்ணனிடம் சொன்னபோது, "கொறையுதுல்ல, நல்லதுதான" என்றான்.

"ஆத்தா, இன்னைக்கு எம்புட்டு?" என்று அய்யா கேட்பார்.

"அம்பத்தி மூணுய்யா."

"மூட்டையில எங்கனயோ ஓட்ட விழுந்துருச்சு போல" என்று சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து இறங்குவார்.

பங்குனியில் ஒரு காலை அய்யா எழுந்திருக்கவில்லை. மகள் வீட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்று ஊருக்குக் கொண்டுபோனோம். அங்கே பந்தலுக்குக் கீழே அண்ணன் சொந்தக்காரர்களிடம் கைப்பேசியைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பழைய மெஷின் அனுப்பிய எடைகள், மேடு பள்ளமில்லாத ஒரே கோடாக இருந்தன. "சென்னையில இருந்தாலும் டெய்லி அய்யாவப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "மகன்னா இப்புடியில்ல இருக்கணும்." நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தட்டை அங்கேயே போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த வரிசைக்குக் காப்பி கொடுக்கப் போனேன்.

பதினாறாம் நாள் முடிந்து அண்ணன் கிளம்பும்போது உச்சிப்புளி வந்தான். உட்காரவில்லை. "ஒங்க அண்ணியோட அம்மாவுக்கும் இப்ப ஹார்ட்டு சரியில்ல. அவுக எங்க கூடத்தான் இருக்காக. டெய்லி வெயிட் பாக்கச் சொல்லியிருக்காங்க" என்றான். பிறகு, "அந்த மெஷின எடுத்துக் குடு" என்றான்.

பரண் மேல் கிடந்த கண்ணாடி மெஷினை எடுக்க ஸ்டூலைப் போட்டேன்.

"அது வேணாம்" என்றான் அண்ணன். "நீ வாங்குனது. அதுதான கரெக்டா காட்டும்?"

அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தான் என்ன சொன்னோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த அம்மா எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. மெஷினைத் துடைத்து, அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். என் கணவர் அதைக் கார் வரைக்கும் கொண்டுபோய் வைத்தார். "வாரேன்" என்றான் அண்ணன். நான் உள்ளே போய்க் கடப்பாக்கல்லைச் சுவரோரம் சாத்திவைத்தேன்.