அப்பா கை தூக்கிய இடம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உங்களில் பலருக்கு அப்பாவின் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அவர் சொன்ன பிறகுதான் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் கல்யாணமாகும்.

அப்பா பிறந்தது பண்டசோழநல்லூரில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, அக்காளின் ஆதரவில் வளர்ந்து, கரும்பு வெட்டப் போனார். பிறகு ஏம்பலத்தில் ஒரு மைக் செட்காரரிடம் ஒயர் சுருட்டச் சேர்ந்து, அம்மாவை மணந்த பின் சொந்தமாக செட் வைத்தார். சுனாமி வந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு கடலோரத்துப் பனித்திட்டுக்குப் போய், காணாமல் போனவர்களின் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை.

அப்பாவுக்குப் பேஞ்சோ கேசட் என்றால் உயிர். கட்டைகளை அமுக்கித் தந்தியை மீட்டும் அந்த வாத்தியத்தில், ஒரு மெட்டு முடிவதற்குள் அடுத்ததற்குத் தாவி, கும்மி, நடவு, நலங்கு, கூத்து என்று மூச்சு விடாமல் வாசித்திருப்பார்கள். பாட்டு வரி கிடையாது. வெறும் மெட்டை வைத்தே அப்பா ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வார். சாப்பிட உட்கார்ந்தால் எங்களிடமும் கேட்பார். நான் தப்பாகச் சொன்னால், "காது கேக்கறதுக்கா, கம்மல் மாட்டறதுக்கா?" என்பார். கடைசிவரை எனக்குக் கம்மல் மாட்டத்தான் பயன்பட்டது.

போன வருஷம் பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சும் வலது கையும் போயின. பொழுது போகட்டும் என்று தம்பி ஒரு பழைய கேசட்டைப் போட்டான். அட்டை கிழிந்து, வாசித்தவர் பெயரே இல்லாத கேசட் அது. கேட்டுக்கொண்டே படுத்திருந்த அப்பா ஓரிடத்தில் இடது கையைத் தூக்கி, சமையற்கட்டுப் பக்கம் காட்டினார். பசி போலிருக்கிறது என்று கஞ்சி கொண்டுவந்தோம். வாயை இறுக மூடிக்கொண்டார். மறுபடி சுற்றிப் போட்டால் அதே இடத்தில் அதே கை.

அந்த மெட்டு என்னவென்று தெரிந்தால் அப்பா சொல்ல வருவது புரிந்துவிடும் என்று நினைத்தோம். கும்மிக்கும் கூத்துப் பாட்டுக்கும் நடுவில், டோலக்கோடு துள்ளி ஓடும் சின்ன மெட்டு. அம்மன் பாட்டு என்றான் தம்பி. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். நடவுப் பாட்டு என்றேன் நான். ஆட்டோவில் ஏற்றி வயலோரம் கொண்டுபோய் உட்கார வைத்தோம். தம்பி மனைவி நலங்கு என்றாள். அவர்கள் மகளோ இன்னும் பள்ளிக்கூடம் போகிற குழந்தை, யாருக்கு நலங்கு என்று தம்பி எரிந்து விழுந்தான். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் போனையும் வைத்துப் பார்த்தோம். அதுவும் கையை விரித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அப்பா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

பார்க்க வந்த பெரிய அத்தை, அதாவது அப்பாவை வளர்த்த அக்கா, அந்த மெட்டைக் கேட்டதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இத்த மெள்ள இழுத்துப் பாடிப் பாருங்க. ஒப்பாரிடி இது. படுத்துக் கெடக்கறவனுக்கு இன்னாத்துக்கு இத்த போடறீங்க?"

பதறிப்போய் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். சமையற்கட்டு வாசலில்தான் நின்றிருந்தார். அப்பாவின் கை இத்தனை நாள் காட்டியது அவரைத்தான்.

அம்மாவுக்கு முதல் நாளே தெரியுமாம். கல்யாண வீட்டில் ஒப்பாரி ஆகாதென்று, அந்த இடம் வரும்போது ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்வது போல அப்பா குனிந்து சத்தத்தைக் குறைத்துவிடுவாராம். அதனால்தான் சாவு வீட்டில் மெள்ளக் கேட்ட மெட்டு இந்த ஓட்டத்தில் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ஊரில் சாவு என்றால் முதலில் குரல் எடுப்பது அம்மாதான். செத்தவரின் நல்ல குணங்களை ஒன்று விடாமல் கோத்துப் பாடுவார். "எனக்கு இன்னா சொல்லி அழுவ?" என்று அப்பா அடிக்கடி சீண்டுவாராம். அம்மா சொன்னதே இல்லை. கட்டியவள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போக அப்பா ஆசைப்பட்டிருக்கிறார். அதுதானா என்று அத்தை அவரிடம் கேட்டபோது, "ஆமாம்" என்பதுபோல அப்பா கண்ணை மூடித் திறந்தார்.

மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடேன் என்று அம்மாவைக் கெஞ்சினேன். உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரியா, வாயைக் கழுவு என்று தம்பி என்னைத் திட்டினான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. அம்மா கேசட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"தாலி கழுத்துல இருக்கறப்ப எந்த வாயால பாடுவன்?"

அதற்குப் பிறகு அப்பா கையைத் தூக்கவே இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார்.

அப்பாவைக் குழந்தையைப் போலத் தூக்கி உட்கார வைத்துக் கைகால் பயிற்சி கொடுத்த பிசியோதெரபித் தங்கைக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத ஏம்பலத்துப் பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நடந்தது உங்களுக்குத் தெரியும். அம்மா அதே மெட்டில்தான் எடுத்தார். கரும்பு வெட்டிய கையையும், பனித்திட்டில் கூப்பிட்ட குரலையும், ஒரு நாளும் கை ஓங்காத குணத்தையும் சொல்லிச் சொல்லிப் பாடினார். இப்படியொரு ஒப்பாரியை இந்த ஊர் கேட்டதில்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். பாதியில் அம்மா நிறுத்தினார். அப்பாவின் காதருகே குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"கேக்கறப்ப பாடல. இப்ப யாருக்குடி பாடறன்?"