இருமல் கேட்கும் ஜெபமணி

“இது தொண்டையில இருந்து வருது அண்ணே. எனக்குத் தொண்டை வேண்டாம். அடியில இருந்து வரணும். இன்னொருக்கா.”

மூன்றாம் கட்டில்காரர் தலையணையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை இருமினார். ஸ்டாஃப் நர்ஸ் ஜெபமணி கண்ணை மூடி, தலையைச் சற்றே சாய்த்து, கச்சேரி கேட்பவள் போலக் கேட்டாள். “ம். இதுல விசயம் இருக்கு” என்று ஒப்புக்கொண்டு நான்காம் கட்டிலுக்கு நகர்ந்தாள். மணி ஆறே கால். கம்பம் சாலையில் பால் வண்டிகள் போய் முடிவதற்குள் ஆபரேஷன் வார்டில் இருக்கிற பன்னிரண்டு ஆண்களும் இருமி முடித்திருக்க வேண்டும். அது ஆஸ்பத்திரியின் சட்டமல்ல, ஜெபமணியின் சட்டம். ஆஸ்பத்திரிச் சட்டத்தையாவது மீறிவிடலாம்.

வயிற்றைக் கிழித்துத் தைத்தவனுக்கு மூச்சை இழுத்தாலே வலிக்கும். அதனால் மேலோடு மூச்சு விட்டு, வருகிற இருமலை அடக்கிக்கொண்டு, அசையாமல் கிடப்பான். நுரையீரலின் அடிப்பக்கம் காற்றுப் போகாமல் சுருங்கி, சளி தேங்கி, மூன்றாம் நாள் காய்ச்சல் அடிக்கும். இதையெல்லாம் டாக்டர் இங்கிலீஷில் கால் மணி நேரம் சொல்வார். ஜெபமணி ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள்: “கெணத்தத் தூர் வாராம விட்டா என்ன ஆகும்? அதேதான் உள்ள நடக்கும்.” தோட்டம் துரவு வைத்திருக்கிற யாரும் அதற்கு மேல் விளக்கம் கேட்டதில்லை.

இருமலோடு விட மாட்டாள். காலியான இரண்டு குளுக்கோஸ் பாட்டில்களை ரப்பர் குழாயால் இணைத்து, ஒன்றில் சிவப்பு மை கலந்த தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறாள். வாய் வைத்து ஊதினால் இந்தப் பாட்டில் தண்ணீர் அந்தப் பாட்டிலுக்குப் போக வேண்டும். போன மாதம் ஒரு மில் மேஸ்திரியும் ஒரு தபால்காரரும் பந்தயம் கட்டி ஊதினார்கள். தபால்காரர் ஜெயித்த வேகத்தில் மூடி பிடுங்கிக்கொண்டு, ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரின் சட்டை சிவந்துபோனது. டாக்டர் பதறியதில் வார்டே பதறியது. ஜெபமணி மட்டும் தபால்காரரின் முதுகைத் தட்டி, “நல்ல நுரையீரல்” என்றாள்.

வார்டை விட்டு வெளியே வந்தாலும் அவள் காது சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் நீண்ட ஜெபம் பண்ணும்போது பின்னால் யாராவது இருமினால், திரும்பிப் பார்க்காமலே கணவர் ஞானசிகாமணியிடம் முணுமுணுப்பாள்: “நாலாவது பெஞ்சு. வலது பக்கம் சளி கட்டியிருக்கு.” ஞானசிகாமணி பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். சாந்தமான மனிதர். கல்யாணம் ஆன புதிதில் தனக்கு வந்த சாதாரண ஜலதோஷத்தை வீட்டில் மறைக்கக் கற்றுக்கொண்டவர், இன்றுவரை கடையில்தான் தும்முகிறார்.

இவ்வளவு பிடிவாதம் எப்படி வந்தது என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள். பல வருஷங்களுக்கு முன் ஒச்சாண்டி என்றொரு வண்டிக்காரர் வந்தார். இரைப்பையில் புற்று. ஆபரேஷன் அருமையாக முடிந்தது. “பாவம் தாயி, தூங்கட்டும், எழுப்பாதிக” என்று வீட்டார் கையெடுத்துக் கும்பிட்டார்கள். புதிதாக வேலைக்கு வந்திருந்த ஜெபமணியும் இரக்கப்பட்டு விட்டுவிட்டாள். ஆறாம் நாள் நிமோனியாவில் போய்விட்டார். வயிறு ஆறியிருந்தது, நெஞ்சுதான் நின்றுவிட்டது. அன்றைக்குப் பட்ட இரக்கத்துக்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

அதனால்தான் ஏழாம் கட்டிலில் மொக்கைச்சாமி வந்து படுத்தபோது அவளுக்குக் கலக்கமாக இருந்தது. தேவாரத்துக்காரர், மாட்டுத் தரகர், அவருக்கும் இரைப்பையில் அதே வியாதி. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே பீடியை நிறுத்தச் சொல்லி, கையிலிருந்த பீடிக்கட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு வேட்டி மடிப்பில் இருந்ததையும், காதில் செருகியிருந்ததையும், தலையணை உறைக்குள் இருந்ததையும் வாங்கிக்கொண்டாள். மூச்சை இழுத்துப் பிடிக்கவும் தலையணையை அணைத்துக்கொண்டு இருமவும் சொல்லிக்கொடுத்தாள். மூச்சை இழுத்துப் பிடித்தார். இருமச் சொன்னபோது மட்டும் மரியாதையாகச் சிரித்தார்.

முக்கால்வாசி இரைப்பையை எடுத்து, தையல் போட்டு, மூக்கில் குழாயோடு கொண்டுவந்து கிடத்தினார்கள். இருமல் வருகிறபோதெல்லாம் மொக்கைச்சாமி கண்ணை உருட்டி, கழுத்து நரம்பு புடைக்க, அதை அப்படியே விழுங்கினார். பக்கத்தில் அவர் மனைவி பஞ்சம்மாள், “அப்பிடித்தேன், முழுங்கிருங்க. தையல் பிரிஞ்சா கொடலு வெளிய வந்துரும்னு எங்க பெரியப்பா சொன்னாக” என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உங்க பெரியப்பா எந்த ஊர்ல டாக்டரா இருக்காக?” என்றாள் ஜெபமணி.

“அவுக ஆடு வளக்குறாக.”

பாட்டிலை நீட்டினால், “ஊதுறது மகுடிக்காரன் சோலி தாயி” என்று மொக்கைச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள், நாலடி நடக்க வைத்தார்கள். அதற்கெல்லாம் இணங்கினார். இருமல் மட்டும் கிடையாது.

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் நூற்றிரண்டு. மூச்சு சின்னச் சின்னதாக, வேகவேகமாக ஓடியது. வலது நுரையீரலின் அடியில் காற்றுப் போகிற சத்தமே இல்லை என்று ஸ்டெதஸ்கோப்பை எடுத்தபடி டாக்டர் சொன்னார். மருந்து போட்டாயிற்று. சாயங்காலத்துக்குள் அந்தச் சளி வெளியே வரவில்லையென்றால் மதுரைக்கு அனுப்ப வேண்டியதுதான், அதுவரை தாங்குவாரா தெரியாது என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். ஜெபமணிக்கு ஒச்சாண்டியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

மத்தியானம் மொக்கைச்சாமியைப் பார்க்க இன்னொரு தரகர், முத்துக்கருப்பன், வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டாம் கட்டில்காரர் இருமியதும் முத்துக்கருப்பன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். ஜெபமணி விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது.

“துண்டுக்குள்ள கைவிட்டு, வெரலப் புடிச்சு வெல பேசயில கூட்டாளி இருமுனா, மாட்டுல கோளாறு, விட்டுருன்னு அர்த்தம் சிஸ்டரு. தெரியாம இருமுனாலும் ஏவாரம் முறிஞ்சுரும். அண்ணன் முப்பது வருசத்துல சந்தையில ஒருக்காக்கூட இருமுனதில்ல. அத்தன பீடி குடிச்சும்! அந்தப் பேருக்குத்தேன் கூடலூர்ல இருந்தெல்லாம் தேடி வாராக.”

மொக்கைச்சாமி, அந்தக் காய்ச்சலிலும், கொஞ்சம் பெருமையாகப் பார்த்தார்.

ஜெபமணி வலிக்கான ஊசியைப் போட்டாள். அது வேலை செய்ய அரை மணி நேரம் கொடுத்தாள். பிறகு முத்துக்கருப்பனின் தோளிலிருந்த துண்டைக் கேட்காமலே உருவி, கட்டிலோரம் உட்கார்ந்து, தன் வலது கைமேலும் மொக்கைச்சாமியின் வலது கைமேலும் போட்டு மூடினாள். உள்ளே அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள்.

மொக்கைச்சாமி திடுக்கிட்டார். வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பஞ்சம்மாள் வாயில் சேலை முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“அஞ்சு இருமல்” என்றாள் ஜெபமணி. “சொல்லுங்க.”

அவருடைய முகம் வேண்டாம் என்றது. கைக்கு அது தெரியவில்லை. துண்டு விழுந்தால் பேசிப் பழகிய கை. அது மெள்ளத் திரும்பி ஜெபமணியின் ஒற்றை விரலைப் பிடித்தது.

“ஒண்ணா? ஒண்ணை வச்சு நான் என்ன செய்ய? டாக்டருக்கு என்ன பதில் சொல்ல?” நாலு விரலைப் பிடித்தாள். அவர் ஒன்றரை என்று விரலை மடித்தார்.

“அர இருமல்னா என்ன?”

“செருமல்” என்றார் மூச்சு வாங்கியபடி.

“செருமலை நான் கணக்குல எடுக்கிறதில்ல.”

மொக்கைச்சாமிக்குக் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. அவர் இரண்டுக்கு வந்தார். ஜெபமணி எழுந்து போவதுபோல் பாவனை செய்தாள். விரல்கள் அவளை இழுத்துப் பிடித்தன. பேரம் மூன்றில் படிந்தது.

“கை குடுத்தாச்சு” என்று முத்துக்கருப்பன் தன்னை அறியாமல் சாட்சி சொன்னார். “இனி பேச்சு மாறக்கூடாதுண்ணே. ஏவாரம் முடிஞ்ச பெறகு இருமுனா தப்பில்ல.”

ஜெபமணி அவரை நிமிர்த்தி உட்கார வைத்தாள். தலையணையைத் தையல்மேல் வைத்து, தன் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்தாள். “ஒண்ணும் பிரியாது. நான் புடிச்சிருக்கேன். நல்லா இழுங்க, நிறுத்துங்க... இப்ப.”

முதல் இருமல் ஆட்டுக்குட்டி தும்மியதுபோல் வந்தது. “இது ஒரு இருமலா? போகட்டும், ஒண்ணு” என்றாள். இரண்டாவதில் கட்டில் ஆடியது, மொக்கைச்சாமியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. “ஏ ஆத்தா!” என்று கத்தினார். ஜெபமணிக்கும் கண் கலங்கியது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

“இன்னும் ஒண்ணு பாக்கி. பேசினது மூணு.”

முப்பது வருஷமாக விழுங்கியதெல்லாம் சேர்ந்து வந்ததுபோல் வந்தது மூன்றாவது. ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துபோனது. ஜெபமணி சரியான நேரத்தில் நீட்டிய தட்டில், பச்சையும் மஞ்சளுமாக, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி விழுந்தது. மொக்கைச்சாமி வாயைத் திறந்தபடியே இருந்தார். பிறகு மூச்சை இழுத்தார். அது அடிவரை போயிற்று. ஆச்சரியத்தோடு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

ஜெபமணி தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்து, ஆசை தீரப் பார்த்தாள். பிறந்த பிள்ளையைக் காட்டுவதுபோல் பஞ்சம்மாளுக்குக் காட்டினாள். முத்துக்கருப்பன் பார்க்க மறுத்தார். அவருக்கும் காட்டினாள். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்குமாகப் பன்னிரண்டு கட்டிலுக்கும் காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

பிறகு, திருஷ்டி கழிப்பதெல்லாம் கூடாது என்கிற வேதக்கோயிலின் பாடகர் வரிசையில் முன்னால் நிற்கிற ஜெபமணி, யாராவது பார்க்கிறார்களா என்றுகூடக் கவனிக்காமல் தட்டைப் பஞ்சம்மாள் கையில் கொடுத்துவிட்டு, மொக்கைச்சாமியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்துப் பத்து விரலும் சடசடவென்று சொடுக்க நெட்டி முறித்தாள்.