நன்னடத்தைக்குக் கிடைத்த கணவன்

அந்தமான் பெண்கள் சிறையில் தேவ்கலிக்கும் எனக்கும் அடுத்தடுத்த தறி. அவள் பீகாரில் கயா பக்கத்துக்காரி. அடி தாங்காமல் மாமியாருக்கு அரளி விதையை அரைத்துக் கொடுத்துவிட்டு ஆயுள் தண்டனைக்கு வந்தவள். ஆனால் சிறைக்குள் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சில வருடம் ஒழுங்காக இருந்தால் கல்யாணம் செய்துகொண்டு, சிறைக்கு வெளியே தீவிலேயே குடித்தனம் நடத்தலாம். அது துரைமார் வைத்த பரிசு. அதற்காகவே எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

ஒருநாள் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். பெண் பார்க்க வந்தவர்களும் நன்னடத்தைக் கைதிகள்தான். அவர்களில் பல்தேவ் என்பவன் தேவ்கலி எதிரே நின்றான்.

"ஊருல இருந்த பொண்டாட்டி காலராவுல போயிட்டா. எனக்குன்னு யாருமில்ல" என்றான்.

அவளைக் கட்டிக்கொண்டதால் அவனுக்கு நிலம் கிடைத்தது. காட்டை வெட்டி இருவரும் நெல் போட்டார்கள். அவன் திருட்டுச் சாராயம் காய்ச்சுவான். சோதனை வந்தால் இவள் பானையைச் சாணக்குழியில் புதைப்பாள்.

"உங்க பேரு கெட்டா நாம ஊர் போய்ச் சேர முடியாதுங்க" என்று கெஞ்சுவாள்.

கடைசியில் அவனுக்கு விடுதலை வந்தது. அவள் பயணத்துக்குக் கடலை வறுத்துச் சத்துமாவு இடித்தாள்.

"ஒருத்தனுக்கு எதுக்கு இவ்வளவு?" என்றான் பல்தேவ்.

"ஒருத்தனுக்கா?"

"உனக்கு விடுதலை இல்லையே. அங்க பொண்டாட்டியும் பையனும் காத்துக்கிட்டிருக்காங்க."

"அவ செத்துட்டான்னு சொன்னீங்களே!"

"சொல்லாட்டி நீ வந்திருப்பியா? நீ வராம நிலம் எப்படிக் கெடைக்கும்?"

அவன் கப்பலேறுமுன் அதிகாரி அவளைக் கூப்பிட்டு, இவன்மேல் ஏதாவது புகார் உண்டா என்று கேட்டார். சாராயம் என்று ஒரு வார்த்தை போதும், விடுதலை நின்றுவிடும். அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"ஏன்டி விட்டே?" என்று, பின்னால் அவள் சிறைக்குத் திரும்பியபோது நான் கேட்டேன்.

"அவன் இங்கயே இருந்தா தெனமும் அந்த மூஞ்சியில முழிக்கணுமேடி!"

புருஷன் இல்லாதவளைத் தனியே விடமாட்டார்கள். மறுபடியும் தறிக்கே வந்தாள். அடுத்த வருடம் வார்டர்காரி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"தேவ்கலி, நல்லபடியா இருக்கே. வரிசைக்கு வா, இன்னொரு மாப்பிள்ளை பாப்போம்."

தேவ்கலி எழுந்து, நெய்த துணியைக் குறுக்கே அறுத்தாள். "வர்றவன் எப்ப ஊருக்குப் போவான்னு மொதல்ல கேளுங்கடி!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

தண்டனையாக அவளை மாவு அரைக்கும் கல்லுக்கு மாற்றினார்கள். வரிசையில் பாதிப் பேர் அன்றைக்கே கல்யாணமாகிப் போனார்கள்.