முதல் வரிசையைக் காலியாக விட்டவள்

அந்தப் புதன்கிழமை பகல் பதினொன்றரைக்குக் கவிதாவிடமிருந்து போன் வந்தது. எங்கள் ஊர் அரசு சேவை மையத்தில் என் மனைவி அமலாவுக்குப் பக்கத்து கவுன்ட்டரில் வேலை செய்பவள் அவள். "அண்ணா, அக்கா சேர்லயே சாஞ்சுட்டாங்க. சேலத்துக்குக் கொண்டுட்டுப் போறோம். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க." திறந்திருந்த ஃபைலைச் சேமித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதை ஏன் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அவளுக்கு முப்பத்தொரு வயது.

சர்ச்சில் அவளுடைய முப்பதாம் நாள் பூசைக்கு வந்த நீங்கள் என்னைப் பேசச் சொன்னீர்கள். பேசுவதற்குப் பதிலாக எழுதுகிறேன்.

உங்களில் அவளோடு மனுவுக்குக் கையெழுத்து வாங்க அலைந்தவர்களுக்கு அதன் தொடக்கம் தெரியும். மையத்தின் பதிவுகள் எல்லாம் ஒரு வெளிநாட்டு கம்பெனியின் சர்வரில் இருந்தன. ஏதோ சந்தேகம் என்று சொல்லி அவர்கள் திடீரென அதைப் பூட்டிவிட்டார்கள். மூன்று நாள் எதுவும் திறக்கவில்லை. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்த தறிக்காரர் ஒருவர் மூன்று நாளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாளோடு சேர்க்கை முடிந்தது. அவர் சத்தம்கூடப் போடவில்லை. "அந்த சர்வரு எங்கீங்க இருக்குது? சொல்லுங்க சாமி, நா போயிக் கேட்டுட்டு வாரேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அமலா அதே கேள்வியை என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். அப்படிப்பட்ட சர்வர்களை அலுவலகங்களுக்கு விற்கும் கம்பெனி ஒன்றில்தான் நான் இன்ஜினியர். கடல் தாண்டிய ஓர் ஊரின் பெயரைச் சொன்னேன்.

"அங்க யாரைப் போயிப் பாக்கறதுங்க?"

"யாரையும் பாக்க முடியாது. இங்கிலீஷ்ல ஒரு ஃபாரம் இருக்குது, அதுல எழுதிப் போடணும்."

அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள். மக்களின் பதிவுகள் இந்த நாட்டுக்குள், நம் அரசின் பொறுப்பில், நம் ஆட்களே திறக்கக்கூடிய சர்வரில் இருக்க வேண்டும் என்ற மனு அடுத்த வாரமே தயாரானது.

கையெழுத்துக்கு நான் ஆன்லைன் படிவம் ஒன்று செய்து கொடுத்தேன். இலவசமாகக் கிடைத்தது, பத்து நிமிட வேலை. அதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது. "ஏனுங்க இன்ஜினியரே, நம்ம ஊட்டுச் சாவியத் திருப்பிக் குடுன்னு கேக்கற மனுவ அவனூட்டுலயே வெச்சு எழுதறீங்களே!" அந்தப் படிவமும் வெளிநாட்டு சர்வரில்தான் இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. அன்றிலிருந்து எல்லாம் காகிதம்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நாமக்கல் பஸ்ஸில் ஏறிவிடுவாள். கையெழுத்து கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பாள். "உங்க பேரு எந்த ஊர்லீங்க இருக்குது?" ராசிபுரத்தில் ஏறிய லாரி டிரைவர் ஒருவர், "எம் பேரு எம் பொண்டாட்டி வாயில இருக்குதுங்க, தெனமும் திட்டறப்ப வெளிய வரும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவரும் கையெழுத்துப் போட்டார்.

நான் போடவில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. முதல் தாளின் முதல் வரிசையைக் காலியாக விட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பித்திருந்தாள். "பயந்துட்டே இருங்க. எடம் போட்டு வெச்சிருக்கறேன்."

மனுவின் நகலோடு மேலதிகாரியைப் பார்க்கப் போனாள். "சர்வர் எங்க இருந்தா என்னம்மா? பட்டனை அமுக்குனா வருதில்ல?" என்றார் அவர். "வராத அன்னைக்கு யாருகிட்டீங்க போறது?" என்று கேட்டாள். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஆனால் அவள் இறந்த மறுநாள் அதே அலுவலகம் அவள் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தது. 'டிஜிட்டல் சேவையின் முன்னோடி' என்று எழுதியிருந்தது. உயிரோடு இருந்தவளுக்கு ஒரு வரி பதில் எழுத முடியாதவர்கள், செத்தவளுக்குப் பத்தடி உயரத்தில் பட்டம் கொடுத்தார்கள். அதை நானே கழற்றினேன். புகார் கொடுக்க வேண்டுமென்றால் என் மீது கொடுக்கட்டும்.

போன வாரம் அவளுடைய இறப்புச் சான்றிதழுக்குப் போனேன். அவள் நாற்காலியில் கவிதா இருந்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, சேவை தற்போது இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. "சர்வர் இல்லீங்ணா" என்று சொல்லிவிட்டுக் கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தறிக்காரர் உட்கார்ந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மூன்று நாள் அவர் எப்படிக் கோபப்படாமல் இருந்தார் என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனுக் கட்டைப் பிரித்தேன். முதல் வரிசையில் என் பெயரை எழுதினேன். தொழில் என்ற இடத்தில் கம்பெனியின் பெயரையும் சேர்த்தே எழுதினேன்.

அவளுடைய புடவைகளை அவள் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். நான் வைத்துக்கொண்டது அந்த பஸ் கேள்வி ஒன்றைத்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். மனுக் கட்டோடு கலெக்டர் முன்னால் நின்று அதைக் கேட்கப் போகிறேன்.

எம் பொண்டாட்டி அமலா பேரு எந்த ஊர்லீங்க இருக்குது?