செல்வினின் கைக்கு இணங்கிய பிரஷ்

செவ்வாய்க்கிழமை காலை தென்காசிப் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது செல்வினின் மனைவி மேரியின் அழைப்பு வந்தது. “அண்ணே, அவுக போயிட்டாக. தூக்கத்துலயே.” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. எதிரே அவர்கள் ஊரான ஆய்க்குடிக்குப் போகும் பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவர் ‘செல்வின் சார்’. மேலகரத்தில் ஒரே அறையில் பதினோரு வருடம் அருகருகே அமர்ந்து, குழந்தைகள் புத்தகங்களுக்குக் கணினியில் படம் வரைந்த எனக்கு ‘அவன்’ என்றுதான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தசைகள் மெல்ல வலுவிழக்கும் நோய் அவனுக்கு. சக்கர நாற்காலியில் வருவான். டேப்லெட்டில் பேனாவை அழுத்த அழுத்தக் கோடு தடிக்கும். அவனால் அழுத்த முடியாது. ஆகவே பேனா பட்டாலே போதும் என்கிற அளவுக்கு, திரையில் கோடு இழுக்கும் ‘பிரஷ்’ஷின் அமைப்பை இளக்கி வைத்திருந்தான். எனக்கு அது தெரியாது.

அவன் வராத ஒருநாள், ஒரு திருத்தத்துக்காக அவன் கணினியில் அமர்ந்தேன். தொட்ட இடமெல்லாம் கறுப்பாய் அப்பியது. ஏதோ கெட்டுவிட்டது என்றெண்ணி எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். அவனிடம் சொல்ல மறந்தும்போனேன்.

மறுநாள் நான் டீ குடித்துவிட்டு வந்தபோது அவன் பேனாவை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தான். திரையில் ஒரு கோடுகூட இல்லை.

“கணேசா, கை முடிஞ்சு போச்சுலே” என்றான்.

நடந்ததைச் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். அவனோ இப்படிச் சொன்னான்: “மேரிகிட்ட எப்படிச் சொல்லுததுன்னு அரை மணி நேரமா யோசிச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே நீயே மாத்துலே. ஆனா நான் பக்கத்துல இருக்கும்போது மாத்து.”

அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை அவன் ஒரு கோடு இழுப்பான். நான் இன்னும் கொஞ்சம் இளக்குவேன். “போதும், நிறுத்து” என்பான். ஏன் இளக்குகிறோம் என்று இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

போன சாரல் காலத்தில் அதற்குமேல் இளக்க இடமில்லாமல் போயிற்று. ஐந்தருவியைப் பற்றிய புத்தகம் பாதியில் நின்றது. அவன்தான் கேட்டான்: “அழுத்தம் இல்லாட்டி என்னலே? கை நகருதுல்லா. வேகத்தை வச்சுத் தடிக்க வைக்க முடியுமான்னு பாரு.”

தேடினோம். அந்த வசதி இருந்தது. மெதுவாக இழுத்தால் தடிக்கும், விரைந்தால் மெலியும்.

அந்த வாரமே நானும் மேரியும் அவனை ஆட்டோவில் ஐந்தருவிக்கு அழைத்துப் போனோம். அருகே போக முடியவில்லை. வண்டிக்குள் இருந்தபடியே ஒரு மணி நேரம் தண்ணீரைப் பார்த்தான். “விழும்போது ஒல்லியா இருக்கு. கீழ வந்து நின்ன பிறகுதான் சதை போடுது” என்றான். அப்படியேதான் வரைந்தான். அச்சாகி வந்த புத்தகத்தை மேரி அவன் மடியில் விரித்தபோது, அருவிப் பக்கத்தை மட்டும் நான்கு முறை திருப்பச் சொன்னான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வேகத்துக்கு ஏற்பத் தடிக்கும் அந்தப் பிரஷ்ஷை அவன் கணினியிலிருந்து என் கணினிக்கு எடுத்துக்கொண்டேன். என் கை அவசரக் கை. கோடு நூலாக இழைகிறது. மெதுவாக இழுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.