கோணல் வராத கை

மதினி எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு ஒரு துணி மூட்டையும் வந்தது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு வாசல் திரை. பழைய காலண்டர் தாளை நீள நீளமாக நறுக்கி, கம்பியில் சுருட்டி மணிகளாக்கி, வார்னிஷ் பூசி, நைலான் நூலில் சரம் சரமாகக் கோத்தது. அண்ணன் அன்றைக்கே அதை அடுப்படி வாசலில் மாட்டிவிட்டான். யார் நுழைந்தாலும் சரசரவென்று சத்தம் கேட்கும். மணிகளில் இருந்த நீலமும் ரோஸும் முருகனின் மயில் தோகையிலிருந்தும் லட்சுமியின் தாமரையிலிருந்தும் வந்தவை. சாமி முகத்தை மட்டும் மதினி வெட்டவே மாட்டாள். "ஈரக் கையால தள்ளிக்கிட்டுப் போற எடத்துல சாமி மொகத்தயா தொங்கவிடுவாக?" என்பாள். முகங்களைத் தனியாகச் சேர்த்து வைத்து, இருக்கன்குடி கோயிலுக்குப் போகும்போது ஆற்றில் விட்டுவிட்டு வருவாள்.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயதுதான். ஆனாலும் முறைக்காக வாங்க போங்க என்றுதான் பேசுவேன். எழுதும்போது அவள் என்றே வருகிறது. நான் விருதுநகரில் பள்ளிக்கூட வேலைக்குப் போன பிறகு என்னை 'டீச்சரம்மா' என்றே கேலி செய்வாள். அவள் தாயில்பட்டிக்காரி. பாவாடை கட்டிய வயதிலிருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டியவள். குழாய் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் போர்மேன் முகத்தில் விட்டெறிவார். அதனால் அவள் கை ஒரே இறுக்கத்தில், ஒரே கனத்தில் உருட்டப் பழகிவிட்டது. ஊர்க்கதை பேசிக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டே உருட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உருட்டிப் பார்ப்பேன். "டீச்சரம்மா உருட்டுனது பல்லு போன கெழவன் மாதிரி இருக்கு" என்று பிரித்துப் போட்டுவிடுவாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் மதினி பட்டாசுக் கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போனாள். ஒருநாள் அங்கே பக்கத்து ரூம் வெடித்தது. மதினியோடு தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிற பெண் அதில் போய்விட்டாள். மறுநாள் காலையில் கம்பெனி வேன் வந்து ஆரன் அடித்தபோது மதினி எழுந்திருக்கவே இல்லை. "கஞ்சியக் குடிச்சுட்டுக் கெடந்தாலும் கெடக்கேன். இனி அந்தப் பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டேன்" என்றாள். அண்ணன் லோடு இறக்கும்போது இடுப்பில் அடிபட்டு, பாதி நாள் படுக்கையிலேயே கிடந்தான். அவர்கள் மகள் நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். மதினி வீட்டிலேயே இருந்து சம்பாதிக்க ஏதாவது வழி உண்டா என்று நான் தேட ஆரம்பித்தேன்.

அந்த நேரத்தில்தான் ஊர் உலகத்துக்கெல்லாம் பழசின் மேல் திடீரென்று பாசம் வந்திருந்தது. போனைத் திறந்தாலே யாராவது ஒரு பெண் பட்டுச்சேலையில் அம்மியில் அரைத்துக்கொண்டிருப்பாள். விருதுநகரில் புதிதாக வீடு கட்டியவர்கள் அரிவாள்மனையைத் துடைத்துச் சுவரில் மாட்டினார்கள். காய் நறுக்க மட்டும் வேலைக்காரி வருவாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் அந்தப் பாசத்தில் கொஞ்சம் எங்கள் வீட்டுப் பக்கமும் வரட்டுமே என்று அடுப்படித் திரையைப் போட்டோ எடுத்துப் போட்டேன். சென்னையில் வீட்டு அலங்காரக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் உடனே கூப்பிட்டு ஆர்டர் கொடுத்தார்.

மதினி அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அச்சாபீஸிலிருந்து கழிவுத் தாள் வாங்கி வந்தாள். மைதாப் பசை காய்ச்சினாள். காலையில் தெருவில் வேன் வந்து நின்றால் வேண்டுமென்றே வாசலுக்கு வந்து, "போய்ட்டு வாங்கடி" என்று கையாட்டுவாள். முதல் பார்சலை அனுப்பியபோது மஞ்சள் தடவித்தான் அனுப்பினாள்.

பார்சல் திரும்பி வந்தது. கடைக்காரப் பெண் நல்லவர்தான், தயங்கித் தயங்கித்தான் பேசினார். "எல்லா மணியும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு மேடம். மிஷின்ல பண்ணதுன்னு கஸ்டமர் சொல்றாங்க. கொஞ்சம் ஏறுக்குமாறா இருந்தாத்தான் கையால பண்ணதுன்னு நம்புவாங்க" என்றார். மதினி உருட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டு, "நான் நம்புறேன். ஆனா வீட்டுல தொங்கவிட்டா பார்க்கிறவங்க நம்ப மாட்டாங்களே" என்றார்.

"கோணலா உருட்டணுமாமா? அம்புட்டுத்தான?" என்று மதினி உட்கார்ந்தாள். வரவில்லை. இடது கையால் உருட்டினாள், கண்ணை மூடிக்கொண்டு உருட்டினாள். தாளையே பிசிறாக வெட்டிப் பார்த்தாள். தொளதொளவென்று தொடங்குவாள், பாதியில் விரல் தானாகவே இறுக்கிக்கொள்ளும். ஒருவழியாக ஒரு சரம் கோணலாக வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத என் வாசல்ல தொங்கவிட்டா எங்காத்தா காறித் துப்பிருவா" என்று சொல்லி, சரத்தை அறுத்து ஒவ்வொரு மணியாகப் பிரித்து நேராக உருட்டினாள். கடைக்காரப் பெண் இன்னும் இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

தீபாவளிப் பட்டாசு சீசன் தொடங்கியது. மகள் சேர்ந்திருந்த நர்சிங் கல்லூரியிலிருந்து பீஸ் கேட்டுப் போன் மேல் போன். நான் தருகிறேன் என்றேன். "ஒங்களுக்கும் ரெண்டு புள்ளைக இருக்காக" என்று மறுத்துவிட்டு, மறுபடியும் கம்பெனிக்கே கிளம்பினாள் மதினி. "வேண்டாம் மதினி, போகாதீக" என்று கையைப் பிடித்தேன். "குழா உருட்டத்தான போறேன், டீச்சரம்மா. அங்கன ஒருத்தரும் கோணலா உருட்டுன்னு சொல்ல மாட்டாக" என்று சிரித்தாள். போன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, குழாய் உருட்டுகிற ஷெட்டில் இடமில்லையாம். வெடிமருந்து செலுத்துகிற ரூமில்தான் ஆள் தேவைப்பட்டதாம். அதை அவள் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முன்பே அந்த ரூம் வெடித்தது. மதினியைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்க விடவில்லை. மகள் மட்டும் கையையாவது காட்டுங்கள் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் அவளைத் தோளில் தட்டி அப்பால் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவரின் புதுமனை புகுவிழா. பூஜை அறை வாசலில் காலண்டர்த் தாள் திரை தொங்கியது. சென்னையில் ஆர்டர் கொடுத்து வாங்கியதாம். ஒரு மணி குண்டு, ஒரு மணி ஒல்லி, ஒன்று நடுவில் பிதுங்கி நின்றது. விரலால் தொட்டேன், பசை விட்டுப் பிரிந்துவிட்டது.

"பாருங்க டீச்சர், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. பார்த்தாலே மனுஷக் கை பட்டதுன்னு தெரியுதுல்ல?" என்று அவர் பூரித்துப்போய்ச் சொன்னார்.

"தெரியுதுங்க" என்றேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்த வீட்டில் அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை, சாப்பிடாமலே வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டேதான் நடந்தேன். அந்த அளவுக்கு மோசமாக உருட்ட வந்திருந்தால், மதினி இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.